எரிபொருளைத் தேடிவிட்டு வண்டியைத் தேடுங்கள்: வாசகர் கேள்வி - பதில்

போன இதழில் எரிபொருள் ஊற்றி ஓட்டும் ரேடியோ கன்ட்ரோல் வண்டிகளைப் பற்றிச் சின்னதாக ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு எழுதியவர்களில் பலரும் கேட்டிருப்பது ஒன்றுதான்: எதை வாங்குவது?

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வரி. பொள்ளாச்சியில் பட்டறை வைத்திருக்கிறேன். புல் வெட்டும் மெஷின், மருந்தடிக்கும் மெஷின், சின்ன பம்ப்செட், இவைதான் தினசரி வேலை. டூ-ஸ்ட்ரோக் இன்ஜின்தான் எனக்குச் சோறு போடுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அதே ஜாதி இன்ஜின் பொருத்திய இந்தக் குட்டி வண்டிகளை ஓட்டுவேன், மற்றவர்களுடையதைப் பழுது பார்த்தும் கொடுப்பேன். எனக்குத் தெரிந்ததை வைத்துப் பதில் சொல்கிறேன்.

என் மகனுக்கு 11 வயது. பிறந்த நாளுக்கு 1/10 அளவு (அசல் வண்டியில் பத்தில் ஒரு பங்கு) நைட்ரோ டிரக் வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். பேட்டரி வண்டி வேண்டாமாம், புகையும் சத்தமும் வேண்டுமாம். வாங்கிக் கொடுக்கலாமா?
- ஒரு தந்தை, திருப்பூர்

ஐயா, வண்டிக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். திருப்பூரிலோ கோவையிலோ நைட்ரோ எரிபொருள் யாரிடம் கிடைக்கிறது, மாதாமாதம் கிடைக்குமா, லிட்டர் என்ன விலை என்று விசாரித்துவிட்டு வாருங்கள். பலர் வண்டியை வாங்கி வைத்துக்கொண்டு, முதல் டப்பா தீர்ந்ததும் அடுத்த டப்பாவுக்கு அலைகிறார்கள். அப்படி அலமாரி மேல் ஏறிய வண்டிகள் எத்தனையோ என் பட்டறைக்கு வந்திருக்கின்றன.

நைட்ரோ வண்டி பெட்ரோலில் ஓடாது. அதற்கு ஊற்றுவது மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் எண்ணெயும் கலந்த திரவம். டப்பாவின் மேல் 16, 20, 25 என்று போட்டிருக்கும் எண் அதிலுள்ள நைட்ரோமீத்தேனின் சதவீதம். எண்ணெய் என்பது விளக்கெண்ணெயும் செயற்கை எண்ணெயும் சேர்ந்தது. மீதி, அதாவது பெரும்பகுதி, மெத்தனால். தீப்பிடிக்கும் திரவம் என்பதால் இதைச் சாதாரண பார்சல் போல விமானத்தில் அனுப்ப முடியாது. அதனால்தான் வண்டி மூன்றே நாளில் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது, எரிபொருள் வருவதில்லை.

"மெத்தனால் வாங்கி நாமே கலந்துகொள்ளலாமே" என்று சிலர் யோசனை சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த சாராயத்தில் இருந்தது இந்த மெத்தனால்தான். தமிழ்நாட்டில் இதை வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். சட்டத்தை விடுங்கள், கொஞ்சம் உள்ளே போனாலே கண் பார்வை போய்விடும். ஆகவே கலந்து, சீல் வைத்து வரும் டப்பாவை மட்டும் வாங்குங்கள். அதையும் பூட்டு போட்ட இடத்தில் வையுங்கள். தண்ணீர் பாட்டிலுக்கோ கூல்டிரிங்க்ஸ் பாட்டிலுக்கோ ஒருபோதும் மாற்றி வைக்காதீர்கள்.

இப்போது பையனைப் பற்றி. ஓடி நின்ற நைட்ரோ இன்ஜினின் தலை 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும், சைலன்சர் பைப்பைத் தொட்டால் தோல் உரியும். மெத்தனால் பற்றிக்கொண்டால் பகல் வெளிச்சத்தில் தீ கண்ணுக்கே தெரியாது. சூடு பட்ட பிறகுதான் தெரியும். 14 வயதுக்குக் குறைந்த பிள்ளை கையில் இதைத் தனியாகக் கொடுப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அதற்காகப் பையனின் ஆசையை ஒதுக்கித் தள்ளச் சொல்லவில்லை. இரண்டு வழி இருக்கிறது. இப்போதைக்கு ஸ்பேர் கிடைக்கும் 1/10 பேட்டரி வண்டி ஒன்று. ஸ்டியரிங் கட்டுப்பாடு, திருப்பத்தில் வேகம் குறைப்பது, கவிழாமல் ஓட்டுவது எல்லாம் அதில் கைவந்துவிடும். அல்லது நைட்ரோ வண்டியை *உங்கள்* வண்டியாக வாங்குங்கள். எரிபொருள் ஊற்றுவதும் ஸ்டார்ட் செய்வதும் நீங்கள், ஓட்டுவது அவன். வாராவாரம் ஒரு மணி நேரம் அவனோடு மைதானத்தில் நிற்க முடியும் என்றால் இரண்டாவது வழிதான் எனக்குப் பிடித்தது. முடியாது என்றால் பேட்டரி வண்டி.

செலவுக்கு ஒரு கணக்கு: 1/10 டிரக்கில் டேங்க் பெரும்பாலும் 75 சி.சி. ஒரு டேங்க் சுமார் 10 நிமிடம் ஓடும். லிட்டருக்கு 13 டேங்க், அதாவது இரண்டு மணி நேரம் சொச்சம். கடைக்காரர் சொல்லும் லிட்டர் விலையை இதோடு வைத்துப் பாருங்கள்.

நைட்ரோ, பெட்ரோல் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். வித்தியாசம் என்ன? எனக்கு எது சரிப்படும்? எனக்கு ஐந்து ஏக்கர் தோப்பு, பக்கத்தில் தரிசு நிலமும் உண்டு.
- விவசாயி, கோபிசெட்டிபாளையம்

உங்கள் கேள்வியைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது. நிலம் இருக்கிறது, இன்ஜின் பழக்கமும் இருக்கும். உங்களுக்குப் பெட்ரோல் வண்டிதான்.

நைட்ரோ இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. குளோ பிளக் என்று ஒன்று, அதற்குள்ளே பிளாட்டினம் கலந்த கம்பிச் சுருள். ஸ்டார்ட் செய்யும்போது ஒன்றரை வோல்ட் கொடுத்துச் சுருளைச் சிவக்க வைக்கிறோம். இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் பேட்டரியை எடுத்துவிடலாம். எரியும் சூட்டாலும், மெத்தனால் பிளாட்டினத்தின் மேல் படும்போது நடக்கும் வினையாலும் சுருள் தானாகவே கனன்றுகொண்டிருக்கும். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு, ஆனால் சிணுங்கும். வெயில் ஏறினால் ஒரு ட்யூனிங் (எரிபொருள் போகும் அளவைத் திருகிச் சரிசெய்வது), மழை ஈரத்துக்கு ஒரு ட்யூனிங், எரிபொருள் டப்பா மாறினால் இன்னொரு ட்யூனிங்.

பெட்ரோல் வண்டி வேறு ரகம். பெரும்பாலும் 1/5 அளவு, இன்ஜின் 23 சி.சி.யிலிருந்து 32 சி.சி. வரை. காந்தச் சக்கரம், காயில், ஸ்பார்க் பிளக், கயிறு இழுத்து ஸ்டார்ட். இதைக் கேட்டதும் உங்களுக்கு எது ஞாபகம் வருகிறது? ஆமாம், தோப்பில் புல் வெட்டும் மெஷின்தான். ஜப்பானின் செனோவா நிறுவனம் புல் வெட்டும் மெஷினுக்கும் மரம் அறுக்கும் ரம்பத்துக்கும் இன்ஜின் செய்து பேர் வாங்கியது; அதன் இன்ஜின்தான் இந்தப் பெரிய ரேடியோ வண்டிகளுக்கும் அடிப்படை. எச்.பி.ஐ. பாஹா 5பி, லோசி ஃபைவ்-டி போன்றவை இந்த ரகம். பாஹாவின் அச்சில் வார்த்த சீன வண்டிகளும் உண்டு, ரோவன் அதில் ஒன்று. பாகங்கள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பொருந்தும்.

இதனால் உங்களுக்கு என்ன லாபம் என்றால், கார்ப்பரேட்டர் டயாஃப்ரம், அதாவது உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு, காய்ந்துபோனால் அமெரிக்காவிலிருந்து வரவழைக்க வேண்டியதில்லை. புல் வெட்டும் மெஷின் பழுது பார்க்கும் மெக்கானிக்கிடம் கழற்றிக் காட்டினால் பொருந்தும் கிட் எடுத்துக் கொடுப்பார். பைப், பிரைமர் பல்பு, கயிறு, ஸ்பிரிங் எல்லாம் அப்படியே. பிளக்கும் என்.ஜி.கே. கம்பெனிச் சரக்குதான். கோபியில் நைட்ரோ குளோ பிளக் கேட்டால் யாருக்கும் தெரியாது. டூ-டி ஆயில் கேட்டால் நாலு கடையில் கிடைக்கும்.

கலப்பு 25-க்கு 1. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி நல்ல டூ-டி ஆயில். கண்ணளவில் ஊற்றாதீர்கள், மருந்து அளக்கும் சிரிஞ்ச் வாங்கி வையுங்கள். பாஹா போன்ற வண்டியில் டேங்க் 700 சி.சி., அரை மணி நேரத்துக்கு மேலேயே ஓடும்.

இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், கார்ப்பரேட்டர் ரப்பரையும் விறைக்க வைக்கும். சீசன் முடிந்து பெட்ரோலோடு மூலையில் சாத்திவிட்டு, ஆறு மாதம் கழித்து "ஸ்டார்ட் ஆகவில்லை" என்று கொண்டுவரும் புல் வெட்டும் மெஷின்களில் நான் வாரந்தோறும் பார்ப்பது இதுதான். வண்டி ஓட்டி முடித்ததும் டேங்கைக் காலி செய்துவிட்டு, கார்ப்பரேட்டரில் மிச்சமிருப்பது தீர்ந்து தானாக நிற்கும் வரை இன்ஜினை ஓடவிடுங்கள். கலந்த பெட்ரோலை மாதக் கணக்கில் வைக்காதீர்கள்.

அப்புறம், எச்சரிக்கை. இந்த வண்டி 10 கிலோவுக்குக் குறையாது. லோசி ஃபைவ்-டி அதைவிட அதிகம். 70 கிலோமீட்டர் வேகத்தில் வரும் 10 கிலோ வண்டி இடிப்பது, ஆறு மாடி உயரத்திலிருந்து 10 கிலோ அரிசி மூட்டை மேலே விழுவது போல. கால் எலும்பு தாங்காது. அந்த வேகத்தில் 100 மீட்டர் நிலம் ஐந்தே நொடியில் தீர்ந்துவிடும். தோப்புக்குள் ஓட்டாதீர்கள், தென்னைமரம் நகராது. தரிசில் ஓட்டுங்கள். ஆடு மாடு மேய்ப்பவர்கள் யாரும் இல்லையென்று பார்த்துவிட்டு ஓட்டுங்கள். ஃபெயில்-சேஃப் வசதியை, அதாவது சிக்னல் விட்டுப்போனால் ஆக்ஸிலேட்டர் தானாக மூடிப் பிரேக் பிடிக்கும் அமைப்பை, முதல் நாளே செட் செய்யுங்கள். செட் செய்யாமல் தரையில் இறக்கவே கூடாது.

விலை ஏன் இவ்வளவு என்றும் கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். வெளிநாட்டுச் சரக்கு என்பது ஒன்று. பொம்மை என்ற கணக்கில் வரும் இறக்குமதிக்கு 2020-ல் சுங்க வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. அதுவும் சேர்ந்துதான் விலை.

காரா, டிரக்கா? பக்கி, ட்ரகி, மான்ஸ்டர் டிரக் என்று பெயர்களைப் பார்த்தே தலை சுற்றுகிறது. நைட்ரோ எரிபொருள் எனக்குக் கிடைக்கும், அதில் சிக்கல் இல்லை.
- கல்லூரி ஊழியர், மதுரை

எரிபொருள் கிடைக்கும் என்கிறீர்கள், நல்லது. இனி உங்கள் தரை என்ன தரை என்று பாருங்கள்.

வழவழப்பான தாரோ கான்கிரீட்டோ இருந்தால் மட்டும் ரோடு கார். அதன் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே சில மில்லிமீட்டர்தான் இடைவெளி. ஒரு ஜல்லிக் கல் போதும், வண்டி பறந்துவிடும். நம் ஊரில் அப்படிப்பட்ட இடம் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் அது யாராவது கார் நிறுத்தும் இடமாக இருக்கும்.

மான்ஸ்டர் டிரக் பார்க்க ஜோராக இருக்கும். பெரிய சக்கரம், புல், கல், பள்ளம் எதிலும் ஏறும். ஆனால் உயரம் அதிகம், வேகமாகத் திருப்பினால் உருளும். நைட்ரோ வண்டி கவிழ்ந்து கிடந்தால் எரிபொருள் ஒழுங்காகப் போகாது, இன்ஜின் நின்றுவிடும், நீங்கள் நடந்துபோய் எடுத்து மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டும். பெரும்பாலான நைட்ரோ வண்டிகளில் ரிவர்ஸும் கிடையாது. டிராக்சஸ் டி-மேக்ஸ் போல ரிவர்ஸ் கியரோடு வந்தவை கொஞ்சம்தான்.

முதல் நைட்ரோ வண்டிக்கு நான் யாருக்கும் சொல்வது 1/8 பக்கி. தாழ்வானது, அகலமானது, செம்மண்ணிலும் வற்றிய கண்மாய்த் தரையிலும் ஒட்டிக்கொண்டு ஓடும். இதைச் சொல்ல இன்னொரு பெரிய காரணம் உண்டு. உலக அளவில் பந்தயம் நடப்பது இந்த ரகத்தில். பந்தய விதிப்படி இன்ஜின் 3.5 சி.சி., டேங்க் 125 சி.சி. எல்லாக் கம்பெனியும் அந்த அளவுக்கே செய்வதால், கியோஷோவோ மூகனோ வேறு எதுவோ, இன்ஜின் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றலாம். சக்கரம் மாட்டும் அறுகோண நட்டும் எல்லாவற்றிலும் 17 மில்லிமீட்டர். ஒரு கம்பெனி கடையை மூடினாலும் உங்கள் வண்டி அநாதையாகாது. சின்ன அளவு வண்டிகளில் இந்த நிம்மதி கிடையாது.

ட்ரகி என்பது பக்கியின் உடம்பை நீட்டிப் பெரிய சக்கரம் போட்டது. இடம் தாராளமாக இருந்தால் அதுவும் நல்ல வண்டியே.

மதுரைப் பக்கத்துத் தூசி நைசானது. காற்று வடிகட்டி ஸ்பாஞ்ச் இரண்டு அடுக்காக இருக்க வேண்டும், ஃபில்டர் ஆயிலில் நனைத்துப் பிழிந்து போட வேண்டும். ஓட்டிய ஒவ்வொரு நாளும் கழற்றிப் பாருங்கள். வெளி ஸ்பாஞ்ச் செம்மண் நிறமாக இருக்கலாம், உள் ஸ்பாஞ்ச் நிறம் மாறியிருக்கக் கூடாது. மாறியிருந்தால் தூசி இன்ஜினுக்குள் போகிறது என்று அர்த்தம். பிஸ்டனும், அது ஏறி இறங்கும் குழாயான ஸ்லீவும் தேய்ந்துகொண்டிருக்கின்றன.

எச்.எஸ்.பி. கம்பெனியின் 1/10 நைட்ரோ டிரக் ஒன்று பழையதாக வருகிறது. இரண்டு வருடமாக ஓட்டவில்லையாம். வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?
- ஐ.டி.ஐ. மாணவர், விருதுநகர்

பார்க்கத் தெரிந்தால் வாங்கலாம், தம்பி. ஸ்பேரும் ஓரளவு கிடைக்கும் வண்டி அது. போகும்போது பிளக் ஸ்பேனரும் ஒரு டார்ச்சும் எடுத்துக்கொண்டு போ.

முதலில் குளோ பிளக்கைக் கழற்றச் சொல். பிளக் இல்லாமல் கீழே இருக்கும் ஃப்ளைவீலைக் கட்டை விரலால் மெதுவாகச் சுற்று. மணல் அரைபடுவது போலக் கரகரவென்று கைக்குத் தெரிந்தால் உள்ளே பேரிங் துருப்பிடித்துவிட்டது. மெத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். இரண்டு மழைக்காலம் எரிபொருளோடு கிடந்த இன்ஜினுக்கு இதுதான் நேரும். பின்பக்கப் பேரிங்தான் முதலில் போகும்.

அடுத்து, பிஸ்டன் மேலே வரும் இடம். இந்த இன்ஜின்களில் பிஸ்டன் ரிங் கிடையாது. அலுமினிய பிஸ்டன், குரோம் பூசிய பித்தளை ஸ்லீவ். ஸ்லீவ் மேல் பக்கம் கொஞ்சம் குறுகலாகக் கடைந்திருப்பார்கள். ஆறிய இன்ஜினில் பிஸ்டன் உச்சிக்குப் போகும்போது அங்கே ஒரு இறுக்கம் தட்டுப்பட வேண்டும். சூடேறினால் ஸ்லீவ் விரிந்து அளவாகிவிடும். ஆறிய நிலையிலேயே எந்த இறுக்கமும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் அந்த இன்ஜின் தேய்ந்து முடிந்தது. ஸ்டார்ட் ஆகும், சூடானதும் நிற்கும், மறுபடி ஆறும்வரை கிளம்பாது. பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது ஃப்ளைவீலை முன்னும் பின்னும் ஒரு நூல் அசைத்துப் பார். டக் டக் என்று தட்டினால் கனெக்டிங் ராடு தளர்ந்திருக்கிறது.

கிளட்ச் பெல்லின் (இன்ஜின் முனையில் இருக்கும் பல் வைத்த கிண்ணம்) பல் கூர்மையாக ஊசி போல் ஆகியிருக்கிறதா, அது சுற்றிவிடும் பெரிய பிளாஸ்டிக் ஸ்பர் கியரில் பல் உடைந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார். டேங்கைக் கழற்ற விட்டால், மூடியைச் சாத்தி, ஒரு குழாயை விரலால் அடைத்து, டேங்கைத் தண்ணீரில் முக்கி, இன்னொரு குழாயில் ஊது. குமிழி வந்தால் ஒழுகுகிறது. சைலன்சரிலிருந்து வரும் அழுத்தம்தான் டேங்கிலிருந்து எரிபொருளைத் தள்ளுகிறது. அழுத்தம் ஒழுகினால் நீ என்ன ட்யூன் செய்தாலும் நிற்காது.

கடைசியாக ரிமோட். வண்டியைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, இன்ஜின் ஓடாமல், ரிமோட்டையும் ரிசீவரையும் போடு. ஆக்ஸிலேட்டர் கொடுத்துக்கொண்டே ரிமோட்டை அணை. கார்ப்பரேட்டர் மூடினால் நல்லது. திறந்தபடியே நின்றால், ஃபெயில்-சேஃப் உள்ள புது 2.4 கிகாஹெர்ட்ஸ் செட் ஒன்றின் விலையை வண்டி விலையில் கழித்துப் பேசு. ஆன்டெனா கம்பி நீட்டிய பழைய 27 மெகாஹெர்ட்ஸ் ரிமோட் என்றாலும் அப்படியே கழி.

இரண்டு வருடம் சும்மா கிடந்த வண்டிக்கு இன்ஜின் மதிப்பு பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு விலை கேள். இன்ஜின் நன்றாக இருந்தால் அது உனக்கு லாபம்.

ஷார்ஜாவில் வேலை. அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன். இங்கே கடையில் நல்ல நைட்ரோ வண்டிகள் இருக்கின்றன. ஒன்றை வாங்கி, சில வாரம் இங்கே மணலில் ஓட்டிவிட்டு, லக்கேஜில் கொண்டுவரலாமா? எரிபொருளும் இரண்டு டப்பா?
- வாசகர், ஷார்ஜா (சொந்த ஊர் தஞ்சாவூர்)

எரிபொருள் ஒரு சொட்டுகூடக் கூடாது. கைப்பையிலும் கூடாது, செக்-இன் பெட்டியிலும் கூடாது. பிடித்தால் பெட்டியே நின்றுவிடும்.

ஓட்டிவிட்டுக் கொண்டுவரும் யோசனையையும் கைவிடுங்கள். ஒருமுறை எரிபொருள் ஊற்றிய இன்ஜினில் எவ்வளவு துடைத்தாலும் வாசம் போகாது, விமான நிறுவனங்கள் அதை ஏற்க மறுக்கும். புதிதாக, ஊற்றாமல், கம்பெனிப் பெட்டியோடு, பில்லோடு கொண்டுவாருங்கள். அதற்கும் டிக்கெட் எடுத்த விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தனியாக வாங்கும் லித்தியம் பேட்டரி இருந்தால் கைப்பையில், முனைகளில் டேப் ஒட்டி. சுங்கத்தில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

வண்டியோடு இவற்றையும் வாங்கி வாருங்கள்: குளோ பிளக் அரை டஜன், கிளட்ச் ஷூ ஒரு செட், ஸ்பர் கியர் இரண்டு, ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்ச், முன்பக்க சஸ்பென்ஷன் ஆர்ம் ஒரு ஜோடி. எல்லாம் சேர்ந்து அரைக் கிலோ இருக்காது. தஞ்சாவூரில் உங்கள் விடுமுறையைக் காப்பாற்றப் போவது இவைதான்.

தஞ்சாவூரில் எரிபொருளுக்கு வழி இருக்கிறதா என்று வீட்டில் யாரையாவது விட்டு இப்போதே விசாரிக்கச் சொல்லுங்கள். இல்லை என்று பதில் வந்தால் அந்தப் பணத்துக்கு அங்கேயே நல்ல பேட்டரி வண்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

கோவையில் நன்றாக ஓடிய 1/8 பக்கி, ஊட்டிக்குக் கொண்டுவந்ததும் புகையைக் கக்கிக்கொண்டு மந்தமாக ஓடுகிறது. இன்ஜின் கெட்டுவிட்டதா?
- வாசகர், குன்னூர்

கெடவில்லை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், கோவை 400 மீட்டர் சொச்சம். மேலே காற்று அடர்த்தி சுமார் ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைந்திருக்கிறது, எரிபொருள் அதே அளவு போகிறது. அதனால்தான் புகை.

ஹை-ஸ்பீடு ஊசியை, அதாவது வேகமாக ஓடும்போது போகும் எரிபொருளை அளக்கும் கார்ப்பரேட்டர் திருகை, வலப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக மூடுங்கள். ஒரு தடவைக்குக் கடிகாரத்தில் ஒரு மணி தூரம், அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு திருகலுக்கும் பிறகு இரண்டு சுற்று ஓட்டி, இன்ஜின் தலையில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் பிடித்துப் பாருங்கள். 100-லிருந்து 120 டிகிரிக்குள் இருக்கட்டும். தெர்மாமீட்டர் இல்லையென்றால் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மூன்று நாலு நொடி கொதித்து வற்றினால் சரி. பட்டதும் சீறி மறைந்தால் சூடு அதிகம், ஊசியைத் திறங்கள். முழு ஆக்ஸிலேட்டரிலும் பின்னால் மெல்லிய நீலப் புகைக் கோடு தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். இந்த இன்ஜினுக்கு எண்ணெய் தனியாகக் கிடையாது. எரிபொருளோடு வருவதுதான் எண்ணெய். எரிபொருளைக் குறைத்தால் எண்ணெயும் குறைகிறது.

முக்கியமானது இதற்கு அப்புறம். மலையிறங்கிக் கோவைக்குப் போனதும், *ஸ்டார்ட் செய்வதற்கு முன்னாலேயே* ஊசியைப் பழைய இடத்துக்குத் திறந்துவிடுங்கள். ஊட்டி செட்டிங்கில் கோவையில் ஓட்டினால் ஒரே டேங்கில் பிஸ்டன் சீஸ் ஆகிவிடும்.

கடற்கரை மணலில் ஓட்டலாமா?
- வாசகர், நாகப்பட்டினம்

வேண்டாம். உப்பும் மணலும் பேரிங்கைத் தின்றுவிடும், கரையில் பிள்ளைகளும் விளையாடுவார்கள். ஊருக்கு வெளியே பஞ்சாயத்துத் திடல் இருந்தால் தலைவரிடம் சொல்லிவிட்டு, பக்கத்தில் வீடும் பள்ளியும் ஆஸ்பத்திரியும் இல்லாத இடமாகப் பார்த்து ஓட்டுங்கள்.

அண்ணா, நான் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் இரண்டாம் வருடம். வகுப்பில் இன்ஜினைப் படத்தில்தான் அதிகம் பார்க்கிறோம். வேகமாக ஓட்ட வேண்டும் என்பதல்ல, இன்ஜினைக் கழற்றி மாட்டிக் கற்றுக்கொள்ள ஒரு வண்டி வேண்டும். பெண் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். சேமிப்பு அதிகம் இல்லை.
- மாணவி, சேலம்

தங்கச்சி, இந்த மாதம் வந்த கடிதங்களில் நான் இரண்டு தடவை படித்தது உங்களுடையதுதான். வீட்டில் கேட்பவர்களிடம் ஒன்று சொல்லுங்கள். என் பட்டறையில் கார்ப்பரேட்டர் வேலை பழக ஆள் கிடைக்காமல் நான் தவிக்கிறேன். இந்தக் கைவேலைக்கு ஆண் கை, பெண் கை என்று எதுவும் இல்லை. பொறுமையும் சுத்தமும்தான் வேண்டும்.

இப்போதே வண்டி வாங்காதீர்கள். சேலத்தில் காயலான் கடையிலோ, பழுது பார்க்கும் கடையிலோ ஓடாத டூ-ஸ்ட்ரோக் புல் வெட்டும் மெஷின் இன்ஜின் ஒன்று மலிவாகக் கிடைக்கும். அதை வாங்கிக் கழற்றுங்கள். பெட்ரோல் ரேடியோ வண்டியில் இருப்பதும் அதே அமைப்புதான் என்று மேலே சொன்னேன். கார்ப்பரேட்டரில் டயாஃப்ரம் எது, அளவூசி எது, பெட்ரோல் எந்தத் துளை வழியாக எங்கே போகிறது என்று கையில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு படியிலும் போனில் படம் எடுத்துக்கொண்டு கழற்றுங்கள், திரும்ப மாட்டும்போது படம் கை கொடுக்கும். அது ஓட ஆரம்பித்ததும், உங்களுக்கு என்ன தெரியும், இன்னும் என்ன தெரியவில்லை என்று உங்களுக்கே பிடிபடும்.

அதன் பிறகு வண்டி. உங்கள் நோக்கத்துக்கு 1/8 நைட்ரோ பக்கி சரி, சேலத்திலோ சென்னையிலிருந்து லாரி பார்சலிலோ எரிபொருள் ஒழுங்காக வரும் என்று உறுதியானால். ட்யூனிங் கற்க நைட்ரோவைப் போன்ற வாத்தியார் இல்லை. செய்த மாற்றம் ஒரே நிமிடத்தில் சத்தத்திலும் புகையிலும் சூட்டிலும் தெரிந்துவிடும். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் இன்ஜினாக வாங்குங்கள், ஸ்டார்ட்டர் பெட்டி என்ற தனிச் செலவு மிச்சம். வண்டி பழையதாக இருக்கட்டும், மேலே விருதுநகர்த் தம்பிக்குச் சொன்ன சோதனைகள் எல்லாம் உங்களுக்கும்தான். இன்ஜின் மட்டும் முடிந்தால் புதிதாக இருக்கட்டும், ஏனென்றால் ரன்னிங்-இன் செய்வதை நீங்களே செய்து பார்க்க வேண்டும்.

ரன்னிங்-இன் என்றால், புது பிஸ்டனையும் ஸ்லீவையும் ஒன்றுக்கொன்று பழக்குவது. எரிபொருள் கொஞ்சம் அதிகமாகப் போகும்படி ஊசியைத் திறந்து வைத்து, முழு வேகம் கொடுக்காமல், தலை 90 டிகிரியைத் தாண்டும்வரை ஓட்டி, ஒரு டேங்க் முடிந்ததும் அணைத்துவிடுங்கள். ஃப்ளைவீலைத் திருகி பிஸ்டனைக் கீழே கொண்டுவந்து வைத்து முழுவதும் ஆறவிடுங்கள். மேலேயே விட்டால் ஸ்லீவ் ஆறிச் சுருங்கும்போது பிஸ்டனைக் கவ்விக்கொள்ளும். இப்படிப் பல டேங்க். ஒவ்வொரு டேங்குக்கும் ஊசியைத் துளித்துளியாக மூடிக்கொண்டு வாருங்கள். மெதுவாக ஓடும்போது போகும் எரிபொருளை அளக்கும் லோ-ஸ்பீடு ஊசியை இந்தக் கட்டத்தில் தொடாதீர்கள், கம்பெனி வைத்த இடத்திலேயே இருக்கட்டும்.

அதைத் தொடும் நாள் வந்ததும் ஒரு சோதனை. இன்ஜின் நன்றாகச் சூடேறி ஐடிலிங்கில் நிற்கும்போது, கார்ப்பரேட்டருக்கு வரும் எரிபொருள் குழாயை இரண்டு விரலால் நசுக்கிப் பிடியுங்கள். இரண்டு மூன்று நொடியில் சத்தம் லேசாக ஏறி இன்ஜின் நின்றால் ஊசி சரியான இடத்தில் இருக்கிறது. நசுக்கியதும் நின்றால் எரிபொருள் போதவில்லை. ஐந்து ஆறு நொடி இழுத்துக்கொண்டு ஏறினால் அதிகம்.

ஒரு நாற்பது பக்க நோட்டு போடுங்கள். தேதி, மணி, வெயிலா மூட்டமா, எரிபொருளின் சதவீதம், இரண்டு ஊசியும் மூடிய நிலையிலிருந்து எத்தனை சுற்றுத் திறந்திருக்கின்றன, தலையின் சூடு, பிளக் கம்பியின் நிறம். கம்பி பளபளவென்று ஈரமாக இருக்கிறதா, சாம்பல் நிறமாகி நெளிந்திருக்கிறதா என்பதையும் எழுதுங்கள். ஏதாவது பிடிபடவில்லையென்றால் அந்தப் பக்கத்தைப் படமெடுத்துப் பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.